சாவிக்கொத்தும் கடவுச்சொல்லும்



ஒரு பள்ளியில் புதிய தலைமையாசிரியர் பொறுப்பேற்கும் நாளில் என்ன நிகழ்கிறது என்பதை நீங்கள் முழுமையாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். மாலையும் வாழ்த்துரையும் உங்களுக்குத் தெரியும். அவை முடிந்தபின் அலுவலக அறையில் நடப்பதுதான் உண்மையான விழா. மேசையின்மீது ஒரு பெரிய சாவிக்கொத்து வைக்கப்படும். அதன் பக்கத்தில் சேர்க்கைப் பதிவேடு, வருகைப் பதிவேடு, பணப் பதிவேடு, இருப்புப் பதிவேடு எல்லாம் அடுக்கப்படும். புதியவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுவார், பழையவர் விளக்குவார். நாற்காலிகள் எண்ணப்படும். நூலகத்து அலமாரி திறக்கப்படும். ஆய்வுக்கூடத்துத் தராசும் நுண்ணோக்கியும் சரிபார்க்கப்படும். கணக்கு ஒத்துவந்தால், 'ஒப்படைத்தேன்' என்று ஒருவர் கையெழுத்திடுவார். 'பெற்றுக்கொண்டேன்' என்று மற்றவர் கையெழுத்திடுவார். பள்ளி கைமாறுவது அந்த இரண்டு கையெழுத்துகளால்தான்; மாலையால் அன்று.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், பள்ளி நிருவாகம் கற்பித்த முதியவர் ஒருவர், "எண்ணிப் பாராமல் கையெழுத்திடாதே, கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடாதே" என்று அடிக்கடி சொல்லுவார். அந்த அறிவுரையை என் பணிக்காலம் முழுவதும் போற்றி வந்தேன் என்றே எண்ணியிருந்தேன். அவ்வாறு எண்ணியது பிழை என்பதை ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு மாணவி எனக்கு உணர்த்தினாள். அந்தக் கதையைச் சொல்லிவிட்டு மேலே செல்கிறேன்.

எங்கள் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர் இருந்தார். இளைஞர், ஊக்கமுள்ளவர். 2014ஆம் ஆண்டில் அவர் ஒரு நல்ல முயற்சியைத் தொடங்கினார். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் தத்தம் வீட்டிலுள்ள முதியவர்களிடம் சென்று, அவர்கள் சொல்வதைக் கைப்பேசியில் பதிவுசெய்து வர வேண்டும். நாற்று நடும்போது பாடிய பாட்டு, இன்று விதைப்பார் இல்லாத நெல்வகைகளின் பெயர்கள், கிணறு வெட்டிய கதை, வெள்ளம் வந்த ஆண்டு என எத்தனையோ செய்திகள் வந்து குவிந்தன. நான்கு ஆண்டுகளில் 61 பதிவுகள் சேர்ந்தன. பள்ளிக்கென்று இணையச் சேமிப்புக் கணக்கு ஏதும் அப்போது இல்லை. ஆகவே ஆசிரியர் தம் சொந்தக் கணக்கில் ஒரு கோப்புறையைத் திறந்து அனைத்தையும் அதில் வைத்தார். அதன் இணைப்பை எங்கள் எல்லோருக்கும் அனுப்பினார். வேண்டும்போது திறந்து கேட்டோம். பள்ளியின் செல்வம் என்று பெருமையும் பேசினோம்.

2018இல் அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாறுதல் கிடைத்தது. விடுவிப்பு நாளன்று அவர் பொறுப்பிலிருந்த பொருள்களை நானே நின்று சரிபார்த்தேன். நிலப்படங்கள் 14 இருந்தன, எண்ணினேன். உடைந்த நிலவுருண்டை ஒன்று இருந்தது. 'உடைந்தது' என்ற குறிப்போடு அதையும் எழுதினேன். கையெழுத்து வாங்கினேன். 61 முதியவர்களின் குரல்களைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இருவர் மனத்திலும் வஞ்சம் இல்லை. அந்த நினைவே எழவில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பழைய மாணவி ஒருத்தி பள்ளிக்கு வந்தாள். அப்போது அவள் கல்லூரியில் முதலாண்டு. "ஐயா, சென்ற ஆண்டு கொரோனாவில் என் பாட்டி இறந்துவிட்டார்கள். அவர்கள் குரல் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. ஒன்பதாம் வகுப்பில் நான் பதிவுசெய்து கொடுத்தேனே, அதை ஒருமுறை கேட்க வேண்டும்" என்றாள்.

என் கணினியில் அந்த இணைப்பைத் திறந்தேன். கோப்பு இல்லை என்ற அறிவிப்பு வந்தது. உடனே அந்த ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, என் கணக்கில் இடம் நிரம்பிவிட்டது. சென்ற ஆண்டு பழைய கோப்புறைகளை நீக்கினேன். பள்ளியில் வேறு பிரதி இருக்கும் என்று எண்ணிவிட்டேன்" என்றார். நீக்கிய கோப்புகள் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடந்து, பின்னர் அடியோடு அழிந்திருந்தன. அந்த முப்பது நாளுக்குள் எவரேனும் கேட்டிருந்தால் மீட்டிருக்கலாம். அவரிடம் இருக்கிறது என்று நாங்கள் இருந்தோம்; எங்களிடம் இருக்கிறது என்று அவர் இருந்தார். இருவர் நம்பிக்கைக்கும் நடுவே அது போய்விட்டது.

அந்தப் பெண், "பரவாயில்லை ஐயா" என்று சொல்லிவிட்டு எழுந்து சென்றாள். அவள் கோபித்துக்கொண்டிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

மாணவர்களே, தவறு யாருடையது? தம் கணக்கில் இருந்ததைத் தாமே நீக்கியவரைக் குறை கூறுவதற்கில்லை. எண்ண வேண்டியதை எண்ணாமல் கையெழுத்திட்டவன் நான். பொருள் என்றால் கையால் தொடக்கூடியது என்ற பழைய எண்ணமே என்னை ஏமாற்றிவிட்டது. அதன் பின்னர் இந்தச் செய்தியைப் பற்றிக் கற்றறிந்தவர்களிடம் கேட்டும், நானே படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, உரிமை வேறு, அனுமதி வேறு. ஒரு வீட்டுக்கு உரிமையாளர் இருக்கிறார், குடியிருப்பவர் இருக்கிறார், விருந்தினர் இருக்கிறார். மூவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து உணவு கொள்ளலாம். எனினும் வீட்டை விற்கவோ இடிக்கவோ வல்லவர் ஒருவர்தாம். கணினி உலகிலும் இவ்வேறுபாடு தொன்றுதொட்டு உண்டு. 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை உருவாக்கத் தொடங்கினர். அம்முறைமையில் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உரிமையாளர் உண்டு. அவருக்கு என்ன செய்ய இயலும், அவருடைய குழுவினருக்கு என்ன இயலும், ஏனையோருக்கு என்ன இயலும் என்பது தனித்தனியே குறிக்கப்படும். உரிமையாளரை மாற்றுவதற்கு ஒரு கட்டளையும் அனுமதிகளை மாற்றுவதற்கு வேறொரு கட்டளையும் உள்ளன. இரண்டும் வெவ்வேறு செயல்கள் என்பதை அதனாலேயே அறியலாம்.

அதில் வியப்பான செய்தி ஒன்றும் உண்டு. உரிமையாளரின் பெயரை அம்முறைமை கோப்பில் எழுதி வைப்பதில்லை. அவருக்குரிய எண்ணையே எழுதி வைக்கிறது. ஒருவர் பணியை விட்டு நீங்க, அவர் கணக்கை நீக்கிவிட்டால், கோப்புகள் வெறும் எண்ணைத் தாங்கிக்கொண்டு ஆதரவற்றுக் கிடக்கும். பின்னொரு நாள் அதே எண் புதிதாக வந்தவருக்கு வழங்கப்பட்டால், பழையவரின் கோப்புகளெல்லாம் அவர் அறியாமலே அவருடையவை ஆகிவிடும்! முறையாக ஒப்படைக்காத பொருள் ஒன்று பாழாகிறது. அன்றேல் எவர் கையிலோ போய்ச் சேர்கிறது.

இன்று நீங்கள் அன்றாடம் பயன்படுத்தும் கூகுள் டிரைவை எடுத்துக்கொள்வோம். ஒரு கோப்பைப் பிறரோடு பகிரும்போது, பார்ப்பவர், கருத்துரைப்பவர், திருத்துபவர் என்று மூன்று நிலைகளுள் ஒன்றை அளிக்கலாம். திருத்தும் அனுமதி பெற்றவர் தாமே உரிமையாளர் என்று மயங்குவது எளிது. எழுதலாம், அழிக்கலாம், பிறரைச் சேர்க்கவும் செய்யலாம். ஆயினும் கோப்பை நிலையாக நீக்கும் ஆற்றல் உரிமையாளருக்கே உரியது. இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். ஒரு கோப்புறையின் உரிமையை நீங்கள் மற்றவருக்கு மாற்றினால், கோப்புறை மட்டுமே அவருடையதாகும். உள்ளே இருக்கும் கோப்புகள் பழைய உரிமையாளரிடமே இருக்கும். பெட்டியைக் கொடுத்துவிட்டு உள்ளிருக்கும் பத்திரங்களைத் தன்னிடமே வைத்துக்கொள்வது போன்றது இது. பெட்டியைப் பெற்றவரோ எல்லாம் வந்துவிட்டது என்று மகிழ்ந்திருப்பார்.

இரண்டாவதாக, தனியாள் கணக்கு வேறு, நிறுவனக் கணக்கு வேறு. தனியாளின் கணக்கில் உள்ள கோப்பை இன்னொரு தனியாளுக்கு மாற்ற வேண்டுமானால், கொடுப்பவர் முன்வர வேண்டும். பெறுபவரும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கொடுப்பவர் மறைந்துவிட்டாலோ, கடவுச்சொல்லை மறந்துவிட்டாலோ, கணக்கோடு இணைத்த தொலைபேசி எண்ணைக் கைவிட்டுவிட்டாலோ சிக்கல்தான். ஈராண்டுகள் பயன்படுத்தப்படாத தனியாள் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் நிறுவனம் 2023ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்துள்ளது. நிறுவனக் கணக்கில் நிலைமை வேறு. அங்கே நிருவாகி ஒருவர் இருப்பார். பணியாளர் ஒருவர் விலகும்போது, அவருடைய கோப்புகளை இன்னொருவருக்கு மாற்றிவிட்டு அவர் கணக்கை நீக்க நிருவாகியால் இயலும். அவசரப்பட்டு நீக்கிவிட்டாலும், கூகுள் முறையில் அக்கணக்கை மீட்க 20 நாள் தவணை உண்டு. தவணை கடந்தால் மீட்பில்லை.

இவற்றினும் சிறந்த வழி, தொடக்கத்திலேயே தனியாளை உரிமையாளராக ஆக்காமல் இருப்பது. 2017ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் குழுக்களுக்கென்று ஒரு பொதுச் சேமிப்பகத்தை அறிமுகப்படுத்தியது. 2019இல் அதற்குப் பகிர்வு டிரைவ் எனப் பொருள்படும் பெயரை இட்டது. அதில் வைக்கும் கோப்பு, வைத்தவருக்கு உரியதன்று, நிறுவனத்துக்கு உரியது. வைத்தவர் விலகிச் சென்றாலும் கோப்பு அங்கேயே இருக்கும்.

இந்தக் கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் நம் ஊர்களில் கர்ணம் என்பவர் நிலக்கணக்கைப் பார்த்துவந்தார். சிட்டாவும் அடங்கலும் அவர் வீட்டுப் பெட்டியிலேயே இருந்த ஊர்கள் பல. நிலம் ஊராருடையது, கணக்கு அரசினருடையது, ஆனால் ஏடு இருந்ததோ அவர் வீட்டில். 1980ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு அந்தப் பழைய பதவிகளை நீக்கியது. பின்னர் கிராம நிருவாக அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். ஆள் மாறினும் ஏடு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்பதே நல்லாட்சியின் இயல்பு. கர்ணத்தின் பெட்டியை ஒழித்த நாம், ஒவ்வோர் அலுவலரின் சொந்தக் கணக்கிலும் புதிய கர்ணத்தின் பெட்டிகளைத் திறந்து வைத்திருக்கிறோம் அல்லவா?

மூன்றாவதாக, ஒப்படைப்பில் இருவகைக் கேடுகள் உள. ஒன்று, கொடுக்க வேண்டியதைக் கொடாமை. மற்றொன்று, கொடுக்கக் கூடாதவரிடம் கொடுத்தல். இரண்டுக்கும் உலகறிந்த சான்றுகள் உண்டு.

2008ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அமெரிக்க நகரமாகிய சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது முதலாவது. நகராட்சியின் கணினி வலையமைப்பைக் கட்டிக் காத்த பொறியாளர் ஒருவரிடம் மட்டுமே அதன் முதன்மைக் கடவுச்சொற்கள் இருந்தன. மேலதிகாரிகளுடன் பிணக்கு நேர்ந்தது. தகுதியற்றவர்களிடம் அவற்றைக் கொடுக்க மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார், சிறை வைக்கப்பட்டார். வலையமைப்பு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு சிறு மாற்றமும் செய்ய எவராலும் இயலவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் கழிந்தபின், நகரத் தலைவரே சிறைக்குச் சென்று அவரிடமிருந்து கடவுச்சொற்களைப் பெற்றுவந்தார். 2010இல் அப்பொறியாளருக்கு நான்கு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் செய்தது குற்றம் என்று நீதிமன்றம் கூறியது. ஆனால் ஒரு மாநகரின் சாவி முழுவதும் ஒருவர் மடியில் இருக்க விட்டவர்களும் சிந்திக்க வேண்டியவர்களே.

இரண்டாவது 2018ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. ஈவன்ட்-ஸ்ட்ரீம் என்று ஒரு சிறு நிரல்தொகுப்பு. யாவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தத்தக்கது; வாரந்தோறும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை தரவிறக்கப்பட்டது. அதனை எழுதியவருக்கு அதில் நாட்டம் குறைந்துவிட்டது. அறிமுகமில்லாத ஒருவர், 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று கேட்க, நல்லெண்ணத்தோடு வெளியிடும் உரிமையை அவரிடம் கொடுத்துவிட்டார். பெற்றவர் அந்நிரலில் நச்சை இணைத்தார். ஒருவகை மின்பணப் பையிலிருந்து பணத்தைத் திருடுவதற்கான நிரல் அது. சில வாரங்கள் கழித்தே உலகம் அதனைக் கண்டுபிடித்தது. கொடுத்தவர் கெட்டவர் அல்லர், களைத்திருந்தார். களைத்த கை சாவியை எவரிடமும் நீட்டிவிடும்.

இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் நெறி எது? 1975ஆம் ஆண்டில் ஜெரோம் சால்ட்சர், மைக்கேல் ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் கணினித் தகவல் காப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு கொள்கையை வகுத்தனர். ஒருவர் தம் வேலையைச் செய்வதற்கு எவ்வளவு உரிமை வேண்டுமோ அவ்வளவே அவருக்கு இருக்க வேண்டும் என்பது அது. கணக்கு எழுதுபவருக்குப் பணப் பதிவேடு போதும். ஆய்வுக்கூடத்துச் சாவி எதற்கு? பார்த்தால் போதுமானவருக்குத் திருத்தும் அனுமதி வேண்டா. வேலை முடிந்தவுடன் அனுமதியும் முடிய வேண்டும். இதனைச் செய்வதால் ஒருவரை ஐயுறுகிறோம் என்பது பொருளன்று. நாளை பிழை நேர்ந்தால் அவர்மீது பழி விழாமல் காக்கிறோம் என்பதே பொருள்.

இனி, ஒப்படைக்கும் முறையைச் சொல்கிறேன். பழைய இருப்புப் பதிவேட்டின் முறையேதான், புதிதாக ஒன்றுமில்லை.

முதலில் பட்டியல் எழுதுங்கள். எந்தக் கோப்புறை, எந்தப் படிவம், எந்த மின்னஞ்சல் கணக்கு, எந்த வலைத்தளப் பெயர், அது யார் பெயரில் உள்ளது, எந்தத் தொலைபேசி எண்ணோடு இணைந்தது, எந்நாளில் புதுப்பிக்க வேண்டும் என்று நிரல்படுத்துங்கள். பட்டியல் எழுதத் தொடங்கினால்தான் எத்தனை பொருள்கள் எத்தனை பேர் மடியில் கிடக்கின்றன என்பது விளங்கும். பொதுப்பொருள் ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் இருவரேனும் இருக்கட்டும். ஒருவர் நோயுற்றாலும் வேலை நில்லாது. ஒருவரின் கடவுச்சொல்லை மற்றவருக்குச் சொல்லுதல் ஒப்படைப்பு ஆகாது. அது கையெழுத்துப் போடும் பேனாவோடு கையையும் கடன் கொடுப்பது போன்றது. செய்தவர் யார் என்பது பின்னர்த் தெரியாது. உரிமையை முறைப்படி மாற்றுக; பெறுபவர் தம் கணக்கின் வழியே புகட்டும்.

அடுத்தது வரிசை. முதலில் புதியவரைச் சேர்க்க வேண்டும். அவர் திறந்து பார்த்து, ஒரு கோப்பையேனும் திருத்திப் பார்த்து, எல்லாம் வந்தது என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகே பழையவரை நீக்க வேண்டும். இவ்வரிசையை மாற்றினால், உள்ளே சாவியை வைத்துக் கதவைப் பூட்டியவன் கதையாகும். பழையவரை நீக்கவே மறந்துவிடுவதும் குறைதான். விலகிச் சென்றவரின் கணக்கு பின்னொரு நாள் களவுபோனால், திறந்த வாயில் வழியே திருடன் நம் கூடத்துக்கும் வருவான். இறுதியாக, பிரதி ஒன்று வேறிடத்தில் இருக்க வேண்டும். எங்கள் 61 பதிவுகளுக்கு ஒரே ஒரு பிரதி இருந்திருந்தால் இன்று இவ்வுரைக்கே இடமிருந்திராது.

மாணவர்களே, இவையெல்லாம் அலுவலகத்தாருக்கு உரியவை, நமக்கென்ன என்று எண்ணாதீர்கள். உங்கள் கல்லூரித் தமிழ் மன்றத்தின் ஆண்டுமலர் யார் கணக்கில் இருக்கிறது? நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் படங்கள் யார் கைப்பேசியில் உள்ளன? விளையாட்டுக் குழுவின் பெயர்ப்பட்டியலைத் திறக்க வல்லவர் யார்? இறுதியாண்டு மாணவர் ஒருவர் எல்லாவற்றையும் தம் பெயரில் வைத்துக்கொண்டு நற்பணி ஆற்றியிருப்பார். தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போய்விடுவார். கல்லூரி தந்த கணக்காயின், படிப்பு முடிந்தபின் அது மூடப்படவும் கூடும். வாட்ஸ்அப் குழுவில் ஒரே நிருவாகி விலகினால், உறுப்பினருள் எவரோ ஒருவரைச் செயலியே நிருவாகி ஆக்கிவிடுகிறது. கோப்புறைக்கு அந்த நற்பேறும் இல்லை. ஆகவே விடைபெறும் விழாவில் படம் எடுத்துக்கொள்வதற்கு முன், இளையவர் இருவரை அமர்த்தி, பட்டியலை விரித்து, ஒவ்வொன்றாக ஒப்படையுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும்.

என் கதையின் முடிவைச் சொல்லி அமைகிறேன். 2022இல் நான் ஓய்வு பெற்றேன். புதிய தலைமையாசிரியை வந்தார். சாவிக்கொத்தை மேசையின்மீது வைத்தேன். பதிவேடுகளை ஒவ்வொன்றாகக் காட்டினேன். இருப்புப் பதிவேட்டில் நானே புதிதாக ஒரு பக்கம் வரைந்திருந்தேன். பள்ளியின் பெயரில் தொடங்கிய மின்னஞ்சல், அதன் கோப்புறைகள், பொறுப்பாளர் இருவர் பெயர் ஆகியவை அதில் இருந்தன. அம்மையார் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து அடையாளமிட்டுக்கொண்டே வந்தார். கடைசி வரியில் அவர் விரல் நின்றது. 'முதியோர் குரல் பதிவுகள் 61. இழக்கப்பட்டன' என்று எழுதியிருந்தேன்.

"ஐயா, இல்லாத பொருளை ஏன் எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"அம்மா, இழப்பையும் எழுதுவதுதான் இருப்புப் பதிவேட்டின் விதி. என் பொறுப்பில் இழந்தது, என் கையெழுத்துக்கு மேலேயே இருக்கட்டும்" என்றேன்.

அவர் மறுமொழி கூறவில்லை. அந்த வரிக்கும் அடையாளமிட்டு, 'பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.